மணத்துக்கான கட்டம்

பதினோரு நாளாக எனக்கு மூக்கு இல்லை.
இருக்கிறது, முகத்தில்தான் இருக்கிறது;
சளி இறங்கிய பிறகும் வேலைக்குத் திரும்பவில்லை, அவ்வளவே.
காபி சுடுகிறது. சோப்பு வழுக்குகிறது.
ஹென்னிங் ஈரத்தோடு வந்து அணைத்தால்
ஒரு கோட்டு மட்டும் அணைக்கிறது.

கிடங்கில் யாரிடமும் சொல்லவில்லை.
என் வேலை மெழுகு முகர்வது.

ஹாம்பர்க்கில், எல்பே இரண்டாகப் பிரியும் தீவில்,
மூட்டைக்கு மூட்டை குத்தி எடுத்து
நிறம், உடைவு, உருகுநிலை, மணம்
நான்கு கட்டமும் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும்:
வீப்கே லூர்ஸ்.

கார்னவுபா வந்தால் கவலையில்லை.
பிரேசில் பனையோலை வெயிலுக்குப் போர்த்திக்கொண்ட தோல்.
காதருகே உடைத்தால் போதும், சொல்லிவிடும்.
எண்பதைத் தாண்டாமல் இளகாது, அத்தனை வீம்பு.
காரின் கூரைக்கும்
மிட்டாயின் மினுக்கத்துக்கும்
ஒரே முகத்தோடு போகும்.

நிலக்கரி மெழுகு ஹாலே பக்கத்திலிருந்து ரயிலில் வரும்.
எந்தக் காலத்துக் காட்டில் எந்த இலைமேல் இருந்ததோ,
இன்று ஷூ பாலிஷ் டப்பாவில் அடைபட்டு
வங்கிக் குமாஸ்தாவின் காலடியில்.

ஆட்டு ரோமத்தின் மெழுகு விரலை விடாது.
பால் கொடுத்து வெடித்த காம்புக்கும்
துருவேறும் சங்கிலிக்கும்
ஒரே பீப்பாய்.

பாரஃபின்.
பள்ளிப் பிள்ளையின் கிரேயான், பாலாடைக்கட்டியின் சிவப்புச் சட்டை,
மின்சாரம் போன இரவு.
மணமில்லாததே அதன் தகுதி.
இந்தப் பதினோரு நாளில் அதுவும் நானும் ஒரே சாதி.

தேன்மெழுகுதான் மாட்டிவிட்டது.

கட்டம் காலியாக இருக்கக்கூடாதே என்று
போன வருடப் பேரேட்டைப் பார்த்து எழுதினேன்:
'தேன், வைக்கோல், பின்னால் கொஞ்சம் புகை.'
மறுநாள் வைக்கோலை முன்னால் போட்டேன்.
புகையை ஒருநாள் விட்டுவிட்டேன், உண்மைபோல் இருக்கட்டும் என்று.
நான் மெழுகைச் சோதிக்கவில்லை.
பூசி மெழுகினேன்.

மூன்று துறைமுகம் மாறி வந்த சரக்கு அது, நாற்பது மூட்டை.
மஞ்சள் சரியாக இருந்தது. மிகச் சரியாக.
தேன், வைக்கோல், கையெழுத்து.

பிறகு குளிர் இறங்கியது.
கொக்கிகளில் பனி, கதவில் பனி, தேநீரில்கூட.
எட்டாம் நாள் காலை பார்க்கிறேன்:
பக்கத்து அடுக்கில் பழைய தேன்மெழுகெல்லாம் பூத்திருந்தது,
நீறு பூத்த நெருப்பைப்போல, வெள்ளையாய், மெல்லிசாய்.
நல்ல தேன்மெழுகு குளிரில் பூக்கும்.
இந்த நாற்பது மூட்டை பூக்கவில்லை.
குளித்துவிட்டு வந்ததுபோல் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

ஒரு கட்டியை உடைத்தேன். சர்க்கரை மணிபோல் பொரபொரப்பு இல்லை.
நகத்தால் சீவினேன். வழுக்கிற்று.
கடைசியில் வாயில் போட்டு மென்றேன்,
பத்து நிமிடம், மாடுபோல, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.
கடைவாய்ப்பல்லில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.
பிறகுதான் வெப்பமானி: ஐம்பத்தேழு.
பாரஃபின். நம் சாதி.

பழைய தாளை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்.
உடைவு: கள்ளம். உருகுநிலை: கள்ளம்.
மணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
வெளியே ஒரு கிரேன் எதையோ தூக்கி, யோசித்து, இறக்கியது.
'தெரியாது. பதினோரு நாளாக எதுவும் தெரியாது.
இதே மாதத்து என் மற்ற ஐந்து தாள்களையும் மறுபடி பார்க்கவும்.'

கெர்லிண்டே இரண்டு முறை படித்தாள்.
பையிலிருந்து உதட்டு மெழுகை எடுத்து
மேலுதடு, கீழுதடு, நிதானமாகப் பூசிக்கொண்டாள்.
திட்டுவதற்கு முன் எப்போதும் அப்படித்தான்.
"பல்லெல்லாம் நன்றாக இருக்கிறதா?" என்றாள்.
இருக்கிறது என்றேன்.
"ஐந்து தாள். நாளைக்குள் மெல்லு."

இரவு ஹென்னிங்கின் கோட்டு ஜிப் பாதியில் நின்றது.
மெழுகுவர்த்தித் துண்டை எடுத்துப் பற்களில் தேய்த்தேன்,
கீழே, மேலே; சரெனப் போயிற்று.
நகக்கண்ணில் கொஞ்சம் மஞ்சள் மிச்சம்.
மூக்கருகே கொண்டுபோனேன்.

பழக்கதோஷம்.