கடைமடை

மழை வலுக்கும் இரவுகளில்
வீட்ஸ்கேவுக்குத்தான் முறைவேலை விழும்.
ஃப்ரீஸ்லாந்தின் வடக்கு விளிம்பு.
கடலைவிடத் தாழ்ந்த நிலத்துக்கு
நான்கு டீசல் இயந்திரங்கள் காவல்.
அதில் ஒன்றுக்கு அவள் வயது, ஐம்பத்து மூன்று.
இருமும், புகையும், ஆனாலும் இறைக்கும்.

வலது கைதான் சொன்னபடி கேட்பதில்லை.

மார்பை எடுத்த கோடையில்
அக்குளிலிருந்து பதினாறு நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள்.
"அவை அங்கே என்ன செய்துகொண்டிருந்தன?"
மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தபடி
"வடிகட்டின" என்றார்.
பதினெட்டு மாதம் கழித்து
மோதிரம் கழலவில்லை.
பிறகு சட்டைக் கை ஏறவில்லை.
பிறகு மணிக்கட்டில் விரலை ஊன்றினால்
விழுந்த பள்ளம் நெடுநேரம் நிரம்பவில்லை,
ஈரக் கரையில் மாட்டுக் குளம்பு பதிந்ததுபோல.
நிலையத்துப் பட்டறையில் சீட்ஸே மோதிரத்தை அறுத்தான்.
கணவன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான்.
"மோதிரம் மட்டும்தான்" என்றாள்.
யாரும் சிரிக்கவில்லை.

நிங்கேயின் அறையில் ஒரு கட்டில், ஓர் அளவுநாடா.
கழுத்தடியில் இரண்டு விரல் வைத்தாள் நிங்கே,
தோலை மெல்ல நகர்த்தினாள், விட்டாள்.
மறுபடி நகர்த்தினாள்.
கைப்பக்கம் வரவேயில்லை.
"எனக்கு வீங்கியிருப்பது கை."
"தெரியும்."
"அழுத்தலாம், நான் உடைய மாட்டேன்."
"நீங்கள் உடைய மாட்டீர்கள்.
இவை தோலுக்குச் சற்றே அடியில், நூலைவிட மெலிது.
அழுத்தினால் மூடிக்கொள்ளும்."

குதிரைத்திறனில் பேசிப் பழகியவளுக்கு
இது புதிது.
ரத்தத்துக்கு ஓர் இதயம் இருக்கிறது.
நிணநீருக்கு யாருமில்லை.
மூச்சை இழுத்தால் கொஞ்சம் நகரும்,
விரல் மடக்கி விரித்தால் கொஞ்சம்,
குழாய்ச்சுவர் தானாகச் சுருங்கி இன்னும் கொஞ்சம்.
பின்னால் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு
கழுத்தெலும்பின் பின்னே ஒரு சிரையில்
சத்தமில்லாமல் போய்ச் சேரும்.
நாளெல்லாம் கூட்டினால் இரண்டு மூன்று லிட்டர்.
"எங்கள் நிலையத்தில் தரையைத் துடைக்கவே
அதைவிட அதிகம்" என்றாள்.
பிறகு: "ஏன் கழுத்தில் தொடங்குகிறாய்?"

நிங்கே வாய் திறக்குமுன்
அவளே எழுந்து உட்கார்ந்தாள்.
கடைமடை!
வயலைத் திறக்குமுன் வாய்க்காலை இறக்கு,
வாய்க்காலைத் திறக்குமுன் கடல்மதகை.
போக இடமில்லாத நீரைத் தள்ளுகிறவன்
பக்கத்து வீட்டைத்தான் மூழ்கடிப்பான்.
இருபத்தேழு வருடமாக
இதற்குத்தானே சம்பளம் வாங்குகிறேன்.

அக்டோபரில் நிலையத்துப் பூனை கீறியது.
அரைவிரல் நீளம், ரத்தம்கூட இல்லை.
மறுநாள் மாலை கை சிவந்து கொதித்தது,
பல் கிட்டித்தது குளிரில்.
அந்தச் சிவப்புக்கு இந்த ஊரில் ரோஜாவின் பெயர்;
வைத்தவனுக்கு வந்ததில்லை போலும்.
கரையில் எலிவளை கண்டால்
விடியட்டும் என்று யாரும் படுப்பதில்லை.
அவளும் படுக்கவில்லை.
இடது கையால் வண்டியை ஓட்டி
இரவோடு மருத்துவமனை போனாள்.
பத்து நாள் மாத்திரை.
இறங்கிய வீக்கத்தில் இரண்டு சென்டிமீட்டர் திரும்பி ஏறியது.
பூனை இன்னும் அங்கேதான் இருக்கிறது.
அவள் கையுறை போடுகிறாள்.

"இது குணமாகாது" என்று நிங்கே ஒருநாள்
நாடாவைச் சுருட்டியபடி சொன்னாள்.
"கடலும்தான்" என்றாள் வீட்ஸ்கே.

இரவில் கட்டு. முனையைப் பல்லில் கவ்வி
விரல்களில் தொடங்கி மேலே மேலே,
கீழே இறுக்கம், மேலே தளர்வு.
பகலில் தோல்நிறக் காலுறைபோல ஓர் இறுக்கமான கை.
கோடையில் அரிக்கும். திட்டுவாள். கழற்ற மாட்டாள்.
ஊசி குத்த வருபவர்களிடம்
இடது கையை முதலிலேயே நீட்டிவிடுவாள்.

நேற்று மழை. நான்கு இயந்திரமும் ஓடின.
காலை ஆறுக்கு முறை மாற்ற வந்த சீட்ஸே
நீர்மட்டப் பதிவேட்டைப் புரட்டினான்.
வடக்கு, கிழக்கு, கடல்வாசல்,
அடியில் ஓரமாகப் பென்சிலில்
முப்பத்தொன்றரை.
"இது எந்த மதகு?"

அவள் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள்.
"வலது" என்றாள்.
"அரை இறங்கியிருக்கிறது."