சாரா மாறி

பி.காம் முடிந்துவிட்டது என்றார்கள்.
கணினி அறிவியல் காலையிலேயே முடிந்திருந்தது.
தருமபுரியில், கலந்தாய்வு வரிசையில்
என் முறை வந்தபோது
அந்த அறையில் மிச்சமிருந்தவை
ஓடாத ஒரு மின்விசிறியும் சமூகவியலும்.

"சோசியாலஜி" என்றேன் வீட்டில்.
முனிரத்தினம் மாமா சட்டென்று
வலது கையை நீட்டினார்:
"எனக்கு வெளிநாட்டு யோகம் இருக்கா, பாரு."
சோசியம் இல்ல மாமா, சமூகவியல்.
"ஓ, எட்டாவதுல வருமே, அக்பர், அசோகர்.
அதையா மறுபடியும் மூணு வருசம்?"

முதல் வருடம் எனக்கும்
அதற்கு மேல் சொல்லத் தெரியாது.
கட்டமைப்பு, அடுக்கமைவு, அசைவியக்கம்.
மனப்பாடம் செய்து, எழுதி,
விடைத்தாளோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாம் வருடம் ஆய்வு முறைகள்.
சாரா மாறி. சார்ந்த மாறி.
கடைசி பெஞ்சில் அவர்கள்
அக்கா தங்கை ஆகிவிட்டார்கள்:
சாரா எதையாவது செய்துவிட்டு நகர்ந்துவிடுவாள்,
வீட்டில் மாட்டிக்கொள்வது
எப்போதும் மற்றவள்.

களப்பணிக்கு அவரவர் ஊர்.
ஏழுக்கு ஒரு வீடு.
தெரிந்த வீடென்று நுழையக் கூடாது,
தெரிந்த வீடென்று தாண்டவும் கூடாது.
முதல் எண்ணைச் சீட்டுக் குலுக்கி எடுத்தேன்: நான்கு.
நான்கு, பதினொன்று, பதினெட்டு என்று
வெயிலில் கதவெண்ணிப் போய்
அறுபதாவது வாசலில்
ஒன்பதாவது படிவத்தை எடுத்தேன்.

புளி தட்டிக்கொண்டிருந்தாள் மாதேஸ்வரி.
பத்தாம் வகுப்பில் என்னைவிட
முப்பத்து மூன்று மதிப்பெண் அதிகம் வாங்கியவள்.
என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள்.
"கேளுங்க" என்றாள்.

அந்த 'ங்க'.
மூன்று நொடி எனக்குப் பேனா திறக்கவில்லை.

வயது: என் வயது.
தொழில்: கொட்டை எடுப்பது, கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய்.
கணவர்: பெங்களூரு, சென்ட்ரிங்.
குழந்தை: ஒன்று, தொட்டிலில், இப்போது எழப் போகிறது.
குடிநீர் ஆதாரம் என்று கேட்டதும் சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.
இரண்டு பேர் பல்லிலும்
ஒரே போர்வெல்லின் மஞ்சள்.

கேள்வி பதினான்கு.
படிப்பை நிறுத்தியதற்கான காரணம்.
ஒன்றை மட்டும் டிக் செய்யவும்.
வறுமை, திருமணம், தூரம், ஆர்வமின்மை, மற்றவை.

புளிக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு
பேனாவைப் பிடுங்கி
நான்காவதை அடித்தாள்.
"இது இல்ல. இதை மட்டும் எழுதிடாத."
'ங்க' போய்விட்டிருந்தது.

"அஞ்சே நாப்பது பஸ்ஸ நிறுத்தினாங்களே,
ஞாபகம் இருக்கா உனக்கு?
அதுக்கப்புறம் ஆறாம் மாசம் பொண்ணு கேட்டு வந்தாங்க."

ஞாபகம் இருந்தது.
பஸ் நின்றபோது நான்
பாலக்கோட்டில் அத்தை வீட்டுக்கு மாறிப்போனேன்.
அங்கே அவளுக்கு அத்தை இல்லை.
தூரம் என்று டிக் அடிக்கலாம்.
பள்ளிக்கூடம் பதினோரு கிலோமீட்டர்.
எனக்கும் அதே பதினொன்றுதான்.

படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"நிறுத்தினவங்களத்தான் கேக்குது இது.
நிறுத்தாதவங்கள ஏன்னு கேக்காதா?"

கேட்காது என்றேன்.

"கேட்டா என்ன சொல்வ?"

அத்தை வீடு என்றேன்.

"அதுக்கு எத்தனாவது நம்பர்?"

தொட்டில் அசைந்தது.
ஏரிக்கரைத் திருப்பத்தில் ஹாரன்.
"ஓடு, அஞ்சே நாப்பது.
போன வருசத்துலருந்து மறுபடி விட்டிருக்கான்,
பொம்பளைங்களுக்குக் காசுகூட இல்ல.
இத விட்டா வேற இல்ல உனக்கு."

ஓடினேன்.
நடத்துனர் கிழித்துத் தந்த
கட்டணமில்லாச் சீட்டை
ஒன்பதாம் படிவத்துக்குள் வைத்தேன்.
பதினான்கில் ஒன்று மட்டும் அடிக்கப்பட்டிருந்தது,
மற்ற நான்கும் சும்மா இருந்தன.
எதிலாவது ஒன்றில் டிக் போட்டுவிடலாம் என்று
பைக்குள் துழாவினேன்.

பேனா அவளிடம்.