மந்திரி சாப்பிடவில்லை

பதினோராம் நாள்.
கிண்ணத்தில் விட்ட சிள்வண்டுகள்
தங்களுக்குப் போட்ட கேரட்டைத் தின்று கொழுக்கின்றன.
மந்திரி கிளையை விட்டிறங்கி
கூண்டின் தரையில் நடக்கிறார்
சாவியைத் தொலைத்தவர் போல.

பெயர் நான் வைத்தது.
நிறம் மாறுகிறவரை வேறெப்படிக் கூப்பிடுவது?
அகிலனுக்குச் சிரிப்பு வரவில்லை. எட்மன்டனில் பிறந்தவன்;
எங்கள் கட்சிகளின் கதையை அவனுக்குச் சொல்லி முடிக்க
ஒரு குளிர்காலம் போதாது.

"கிறிஸ்துமஸ் வரைக்கும்தாம்மா" என்று
ஹாலிஃபாக்ஸுக்குப் படிக்கப் போனான்.
இப்போது பிப்ரவரி.
விட்டுப்போனவை: விளக்கு இரண்டு, சுண்ணாம்புத் தூள்,
இலையில் உருளும் சொட்டைத் தவிர
வேறெங்கும் நீர் குடிக்காத ஒரு பிடிவாதம்.
வேலியில் போன ஓணானை
மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.
இங்கே வேலியும் இல்லை.
மைனஸ் முப்பத்தொன்று, வாடகை வீடு.

இடுக்கியில் புழுவை நீட்டினேன்.
"ஒரு வாய்" என்றேன், வெட்கமில்லாமல், தமிழில்.
ஒரு கண் என்னைப் பார்த்தது,
மற்றது ஜன்னலை.
பஸ் ஓட்டுகிற எனக்கு அந்தப் பார்வை தெரியும்:
சாலையில் ஒன்று,
பின்கதவில் டிக்கெட்டில்லாமல் ஏறுகிறவன்மேல் ஒன்று.
இரண்டும் என்னிடம் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் உடம்பு கருத்தது.
கரும்பச்சைமேல் மஞ்சளும் நீலமும்
யாரோ உதறிய தூரிகை போல.
லீவு சொல்லிவிட்டு
கோட்டுக்குள், வயிற்றோடு வைத்து
பட்டனைப் போட்டேன்.
பழமொழி பலித்தேவிட்டது.
கார் சூடாகும்வரை
பதினெட்டு நகங்களும் என் ஸ்வெட்டரைப் பற்றியிருந்தன.

டாக்டர் ஹலீனா குதிகாலைத் திருப்பிக் காட்டினார்.
"முள் இல்லை பாருங்கள். இது ஆண் இல்லை."
எக்ஸ்ரேயில் திராட்சைக் கொத்து.
தனியாக இருந்ததே, எப்படி என்றேன்.
"தனியாகவும் வரும். ஒன்றும் பொரிக்காது.
நோயில்லை, இடம் தேடுகிறாள்.
தோண்ட மண் கிடைக்காவிட்டால்
உள்ளேயே வைத்துக்கொண்டு செத்துப்போவாள்."

பிப்ரவரியில் மணலுக்கு எங்கே போவது?
கடைப்பையன், காரின் டிக்கியில்
பாரத்துக்குப் போடும் மூட்டையைக் காட்டினான்.
இல்லை தம்பி, குழந்தைகள் விளையாடுகிற மணல் என்றேன்.
என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு
பின்பக்கக் கிடங்கிலிருந்து இழுத்து வந்தான்,
கல்லாய் உறைந்த ஒரு மூட்டை.
இரவெல்லாம் அது ஹீட்டரோரம் கிடந்து
வியர்த்தது.

தரை துடைக்கும் வாளியில் நிரப்பி
நீர் விட்டுப் பிசைந்தேன்.
விரலை விட்டெடுத்தால் குழி இடியாமல் நிற்கவேண்டும்;
புட்டுக்கு மாவு பிசைந்த கைக்கு
அது சொல்லித்தர வேண்டியதில்லை.
யாராவது பார்த்தால் பாதியில் விட்டுவிடுவாளாம்.
போர்வையால் கூண்டை மூடினேன்.

மூடியபிறகு எனக்கு வேலையில்லை.
நடைவழியில் கால் நீட்டி உட்கார்ந்தேன்.
அடுக்களையில் தப்பிய சிள்வண்டு ஒன்று கத்திக்கொண்டிருந்தது.
அது மூச்சு வாங்கும் இடைவெளியில்
கேட்டது:
பறக், பறக்.
நிற்கும். மறுபடி பறக்.
நான்கு மணிக்கு எழுந்து யூனிஃபார்ம் போட்டேன்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
வாசல்வரை நடந்தேன்.

மாலையில் வந்து விலக்கினால்
மணல் மேலே தட்டி, சமன்செய்து,
அங்கே எதுவுமே நடக்காதது போல.
உள்ளே நாற்பத்தொரு முட்டைகள்.
பொரிக்காததற்கும்
அவ்வளவு ஆழம் தோண்டியிருந்தாள்.

ஐஸ்கிரீம் இருந்தே பழக்கமில்லாத
ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் எடுத்து வைத்தேன்.
எறியலாம். நாளைக்கு.

இடுப்பெலும்பு தெரிய, வெளிறிய பச்சையில்
கிளையில் ஏறி நின்றாள்.
சிள்வண்டை நீட்டினேன்.
இரண்டு கண்களும்
முதன்முறையாக ஒரே பக்கம் திரும்பின.
டக்.
இடுக்கியில் ஒரு கால் மட்டும் மிச்சம்.

"பெயரை மாத்தணுமாம்மா?" என்றான் அகிலன் போனில்.
எதுக்கு? மந்திரி மந்திரிதான்.
நீ சாப்பிட்டாயா?

மூன்று நான்கு மாதத்தில் மறுபடி வரும் என்றார் ஹலீனா.
மணலைக் கொட்டவில்லை.
தரை துடைக்க வேறு வாளி வாங்க வேண்டும்.