ஒப்பீட்டுக்கு நான்

போன வருஷம் கையெழுத்துப் போட்டுக்
கொடுத்த பத்து மில்லி ரத்தம்.
நோயில்லாத ஆள் ஒருத்தி வேண்டியிருந்தது,
மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிய நான் சிக்கினேன்.

அந்த அணுக்களைப் பின்னோக்கி ஓட்டினோம்,
எதுவாகவும் ஆகலாம் என்ற இடம் வரை.
பிறகு முன்னோக்கி.
இன்று தொண்ணூற்று மூன்றாம் நாள்.
புவன விஸ்தா, ஆறாவது மாடி,
துவரம்பருப்பு அளவில்
மூளை என்று எழுதக்கூடாத ஒன்று.

பக்கத்துத் தட்டில் பி-நான்கு.
ஆறு வயது, இன்னும் பேச்சு வரவில்லை.
படிவத்தில் அவ்வளவுதான் இருக்கிறது.
அவனுடையது மிளகைத் தாண்டவில்லை.
எந்த வாரத்தில் தயங்கினான் என்று பார்க்கத்தான்
அருகில் நான் வளர்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தீனி மாற்றுவது என் முறை.
பால் சேர்க்காத பண்டோங் நிறத் திரவம்;
மஞ்சளித்திருந்தால் பசி.

நாலரைக்கு இடி. விளக்கு ஒருமுறை இமைத்தது.
குலுக்கும் மேடை நின்றது, மறுபடி ஓடவில்லை.
அசையாமல் விட்டால் அடியில் படிந்து
ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.
ஹுய் ஷானுக்குப் போன் போட்டேன்.
ஜூரோங்கில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறாளாம்,
வர நாற்பது நிமிஷம்,
அதுவரை கையால் சுற்று என்றாள்.

முழங்கை வரை பெட்டிக்குள்.
ஒரு கைக்கு மட்டும் முப்பத்தேழு டிகிரி,
மீதி உடம்பு ஏர்கானில்.
தட்டின் மேல் தட்டு வைத்து
வட்டமாக, மெதுவாக.
தொட்டில் என்றொரு சொல் வந்தது.
வாசலிலேயே நிறுத்தினேன்.

வலிக்குமா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள்.
வலிக்க ஓர் உடம்பு வேண்டும் என்கிறோம்.
சரியான பதில்தான்.
போன மாதம் மின்முனைகளின் மேல் வைத்தபோது
திரையில் கடுகு பொரிந்தது,
முதலில் இங்கொன்று அங்கொன்று,
அப்புறம் எல்லாம் சேர்ந்து.
எதைப் பற்றி?
எதைப் பற்றியும் இல்லை.
பார்க்கவோ கேட்கவோ
நாம் எதையும் கொடுக்கவில்லையே.

ரத்தக்குழாய் கிடையாது.
பெருக்கப் பெருக்க நடுவில் பட்டினி,
உள்ளிருந்து கறுக்கும்.
என்னுடையதில் தொடங்கிவிட்டது.
மிளகு சின்னது;
அதனால் நடுப்புள்ளி வரை
இன்னும் உயிரோடு இருக்கிறது.
இதை எந்தக் கட்டத்தில் குறிப்பது
என்று தெரியவில்லை.

அவள் நனைந்து வந்தாள். வேறு மேடை மாட்டினோம்.
வட்டப்பாதை ரயிலில், மடியில்,
வலது கை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.
எதிரே இருந்தவர் ஒருமுறை பார்த்துவிட்டுத்
தன் போனுக்குத் திரும்பினார்.