ஏழாம் நம்பர் மேசை

தம்புச் செட்டித் தெருவில்
எங்கள் மெஸ் சுவரில் நான்கு பலகைகள்.
தட்டில் கை கழுவாதீர்.
ஹெல்மெட்டை மேசைமேல் வைக்காதீர்.
வெளி உணவுக்கு அனுமதி இல்லை.
அரசியல் பேசாதீர்.
கடைசியை மட்டும் யாரும் மதிப்பதில்லை.
நான்கையும் எழுதியவன் நான்.
கல்லாவில் இருப்பவனுக்குக்
கையெழுத்து நன்றாக இருக்கவேண்டும் என்பது
முதலாளியின் நம்பிக்கை.

ஒன்றேகாலுக்குப் பணவண்டி வந்து நிற்கும்.
டிரைவர் பார்சலோடு திரும்பிவிடுவார்.
தணிகாசலம் உள்ளே வருவார்,
பட்டாளத்தில் பதினேழு வருஷம்,
சோளிங்கர் பக்கம்,
கையில் இரட்டைக்குழல் துப்பாக்கி.
முதல் நாள் அதை எதிர் நாற்காலியில் சாய்த்திருந்தார்.
பிஸ்வஜித் பழக்கதோஷத்தில்
அதற்கும் ஓர் இலை போட்டுவிட்டான்.
அன்று ஒரு நாள்தான் எல்லோரும் சிரித்தோம்.
பிறகு கம்பெனி விதி ஞாபகம் வந்ததாம்,
கையைவிட்டு இறக்கக் கூடாது.
முழங்கால்களுக்கிடையே நிறுத்தி
இடது கையால் குழலைப் பிடித்தபடி
வலது கையால் பிசைவார்.

பேச்சு கிளம்பியது.
மோரை நிறுத்தச் சொல்லிவிட்டு
வக்கீல் குலசேகரன் ஆரம்பித்தார்:
"லைசன்ஸ் இருக்கு. யூனிஃபார்ம் இருக்கு.
மெஸ்ஸுக்குள்ள வரக்கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?"
ஹெலன் மேடத்துக்குப் பேங்க்கில்
தினமும் துப்பாக்கியைத் தாண்டித்தான் நாற்காலி.
"அங்க அது நோட்டுக்குக் காவல்.
இங்க எதுக்கு, கூட்டுக்கா?"
அடகுக்கடை பாபுலால்
"இருந்தா ஒரு தைரியம்தானே" என்றார்.
"யாருக்கு?" என்றார் ஹெலன்.
பக்கத்து பாரில் போன மாசம்
பாட்டில் உடைந்து ஒருவர் காது கிழிந்ததை
யாரோ எடுத்துவிட்டார்கள்.
அந்தக் கையில் பாட்டிலுக்குப் பதில் இது இருந்திருந்தால்?
பதிலுக்கு முன்னால் ரசம் வந்துவிட்டது.

முதலாளிக்குப் பிடித்திருந்தது.
"ஒண்ணேகாலுக்கு மேல கடையில சத்தமே இல்ல,
கவனிச்சியா?"
கவனித்தேன்.
ஏழாம் நம்பர் மேசையைச் சுற்றி
யாரும் இரண்டாவது பொரியல் கேட்பதில்லை.
சில்லறைக்குச் சண்டை கிடையாது.
வத்தக்குழம்பில் கல் அகப்பட்ட அன்று
இரும்புக்கடை நைனார்
நாக்கால் ஒதுக்கி, விரலால் எடுத்து,
இலையோரம் வைத்துவிட்டு
காசு கொடுத்துப் போனார்.
மற்ற நாளானால் என் பரம்பரையையே
தெருவுக்கு இழுத்திருப்பார்.
இந்த அமைதியை
வரவில் எழுதுவதா, செலவிலா?

ஹெலன் மேடமும் அவர் கிளையில் ஆறு பேரும்
எதிர்க்கடைக்கு மாறிய பிறகுதான்
முதலாளிக்குச் சட்டம் புரிந்தது.
மஞ்சள் பெயின்ட் வாங்கிக் கொடுத்தார்.
ஐந்தாம் பலகை.
து எழுதி, ப் எழுதி, பு எழுதிய இடத்தில்
என் தப்பு தெரிந்தது,
கால் போட மறந்திருக்கிறேன்.
துப்பு என்று நின்றது பலகை.
சாப்பாட்டுக் கடையில் இதை மாட்டினால்
வருகிறவன் துப்பிவிட்டுப் போவான்.
பழைய தமிழில் அதற்கு உணவு என்றும் பொருள் என
பள்ளியில் சொல்லிக்கொடுத்த ஞாபகம்,
யார் பார்த்தார்கள்.

பின்னால் நின்று தணிகாசலம் படித்தார்.
"காலைப் போட்டு முடிங்க" என்றார்.
"எட்டு மாசமா இங்க சாப்பிடறேன்.
ஒரு தடவை மறுசோறு கேட்டிருக்கேனா?
இதைப் புடிச்சுக்கிட்டுக் கேட்டா
அது கேக்கற மாதிரியா இருக்கும்?"

அடுத்த வாரம் வண்டியில் இன்னொரு காவலர்.
முறை மாற்றி வருகிறார்கள்,
கைவீசிக்கொண்டு.
தணிகாசலத்தின் இடது கைக்கு
எங்கே இருப்பதென்று தெரியவில்லை.
முழங்கால்களுக்கிடையே
எதையோ பிடித்தமாதிரி வளைந்தே கிடந்தது.
இரண்டு வாய் சாப்பிட்டார்.
நிமிர்ந்தார்.
"தம்பி, சாம்பார்ல உப்பே இல்ல."

கடை முழுக்கத் திரும்பியது.
"நாலு நாளா இல்லய்யா" என்று
நைனார் இலையைத் தள்ளினார்.
வக்கீல் எழுந்தே விட்டார்.
முதலாளி சமையற்கட்டைப் பார்த்துக் கத்த,
பிஸ்வஜித் தன் மொழியில் எதையோ சொல்ல,
நான் கல்லாவைச் சாத்திவிட்டு
உப்புக் கிண்ணத்தைத் தேடினேன்.