அரை ஆம்பியர்

இருநூற்றுப் பதினான்கு கிராம் செம்புப் பட்டை
என் மேசையில் காகிதங்கள் பறக்காமல் காக்கிறது.
ஒரு காருக்கு மூன்று.
ஆண்டுக்கு எத்தனை கார் என்று பெருக்கிப் பார்த்துவிட்டு
கொள்முதல் பிரிவின் கப்கா
ஆறிய காப்பியோடு கதவருகே வந்து நிற்பாள்:
"இன்றைக்கும் ஏறியிருக்கிறது, தெரியுமா?"
தெரியும்.
சோபியா நகரில் நான் கேட்காமலே
என்னைத் தேடிவரும் ஒரே செய்தி
செம்பின் விலை.

ஆகவே அலுமினியம்.
கனத்தில் பாதி, விலையில் அதற்கும் கீழே,
உடம்புதான் கொஞ்சம் பருமன்.
அதற்கும் குணங்கள் உண்டு.
காற்றுப் பட்ட கணமே
மின்சாரம் நுழையாத சட்டையொன்றை மாட்டிக்கொள்ளும்.
போல்ட்டை இறுக்கிவிட்டுத் திரும்பினால்
பிடியிலிருந்து மெல்ல வழியும்,
கடன் கேட்பாரோ என்று
கைகுலுக்கலைச் சீக்கிரம் முடித்துக்கொள்பவன் போல.
நிக்கல் பூசினோம். வில் வாஷர் போட்டோம்.
வாஷர் ஒன்றுக்கு ஒரு விளக்கம், கப்காவிடம்.

பிறகு பட்டையின் நடுவே
இருபுறமும் கடித்தெடுத்து ஓர் இடை வைத்தேன்.
இடை சிறுத்த இடத்தில் ஓட்டம் நெருங்கும்.
நெருங்கினால் காந்தப்புலம் உரக்கப் பேசும்.
உரக்கப் பேசுவதைக் கேட்க
சென்சாருக்கு இரும்பு வளையம் எதற்கு?
போயிற்று இன்னும் முப்பத்தெட்டு கிராம்.

இடை சிறுத்தால் அழகு என்பது பாட்டுக்குச் சரி.
இங்கே சூடு.
முதல் மாதிரி நூற்று அறுபது டிகிரியில்
பிசின் கருகும் மணத்தோடு செத்தது.
அரை மில்லிமீட்டர் அகட்டினேன்.
பிறகு கால்.
பிறகு, யாரிடமும் சொல்லாமல், இன்னொரு கால்.
ஐந்தாவது பிழைத்தது.

பிப்ரவரி. விதோஷா மலையை மூன்று நாளாய்க் காணவில்லை.
சோதனைக்கூடத்தில் வெலின்
ஒரு கையில் பனித்சா, மடியெல்லாம் அதன் பொருக்கு.
அறுநூறு ஆம்பியர் ஓடுகிறது.
திரையில் கோடு, இஸ்திரி போட்டது போல.
ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும்
அரை ஆம்பியர் விக்குகிறது.

கேபிளை மாற்றினான். மின்வழங்கியை மாற்றினான்.
வாஷர்களைச் சந்தேகித்தான், பிறகு என்னை.
ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால்
பதினெட்டு நிமிடத்துக்கு ஒரு விக்கல்.
விடுமுறை எடுக்கும் கோளாறு உண்டா உலகத்தில்?
சன்னலின் ஆவியைக் கையால் துடைத்தோம்.
கீழே, மூலை திரும்பிக்கொண்டிருந்தது டிராம்.

வளையத்தோடு நாங்கள் கழற்றி எறிந்தது
அதன் காதடைப்பையும்தான்.
இப்போது தெருவையெல்லாம் கேட்கிறது.

ஒரு சில்லு இருந்த இடத்தில் இரண்டு வைத்தேன்.
இடைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று.
எங்கள் மின்சாரம் மேலே கிழக்கென்று காட்டினால்
கீழே மேற்கென்று காட்டும்.
டிராம் இருவரிடமும் ஒரே கதையைச் சொல்லும்.
கழித்தால் தீர்ந்தது.
ஊரில்
இரண்டு சாட்சி ஒத்துப்போனால் நம்புவார்கள்.
இங்கே ஒத்துப்போவதைத் தூக்கிப் போடு,
முரண்படுவதில்தான் கார் ஓடுகிறது.

திங்களன்று ஷ்டுட்கார்ட்டிலிருந்து வாடிக்கையாளர், திரையில்.
எல்லாம் நன்று, என்றார் ஹார்ட்விக்.
இரண்டாவது சில்லு நாங்கள் கேட்காத செலவு.
அதை வேறெங்காவது ஈடுகட்ட முடியுமா?
வெலின் வாய் நிறையத் தின்பண்டத்தோடு
தலையை மேலும் கீழும் ஆட்டினான்.
எங்கள் நாட்டில் அதற்கு இல்லை என்று பொருள்.
அவர்கள் நாட்டில் வேறு.
நன்றி சொல்லி, குறித்துக்கொண்டு, மறைந்துவிட்டார்.

கப்கா ஒரு வாரமாய்ச் சிரிக்கிறாள்.
போகிற போக்கில் என் செம்புப் பட்டையையும்
பழைய உலோகக் கணக்கில் எடுத்துப்போனாள்.
அதன் இடத்தில் ஐந்தாம் மாதிரியை வைத்து,
ஆறாவதை வரைய உட்கார்கிறேன்.
டிராம் போகிறது. சன்னல் அதிர்கிறது.
திரையில் கோடு அசையவில்லை.

யாரோ கதவைத் திறந்தார்கள்.
வரைபடங்கள் அறையெங்கும் பறக்கின்றன.