ஏழாம் விரிசல்

துரஹள்ளிப் பாறையில் பதினொரு விரிசல்கள்.
ஒவ்வொன்றின் உள்ளும் ஒரு பொத்தான்,
ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பருமன்.
கால்மணிக்கு ஒருமுறை அது
இருட்டின் சூட்டைத் தொட்டு எழுதிக்கொள்ளும்.
பல்லி சொன்னால் பலன் பார்ப்பவர்கள் என் வீட்டார்.
எனக்குப் பாகை போதும்.

ஏப்ரல் மதியம் வெளியே கல் ஐம்பத்து மூன்று.
ஒரு முழம் உள்ளே முப்பத்திரண்டு.
அந்த இருபத்தொரு பாகை வித்தியாசத்தில்தான்
சாம்பல் வரிப் பல்லி ஒன்று
பகலெல்லாம் வயிற்றைக் கல்லோடு ஒட்டிக் கிடக்கிறது.
பக்கத்திலேயே, கழன்று விழாதபடி
பசையிட்ட இரண்டு முட்டை,
மொச்சைக்கொட்டை அளவு.
ஏழரைக்குத் தலை நீட்டும்.
முதலில் தாடை. பிறகு ஒரே ஒரு விரல்,
வெந்நீரில் விட்டுப் பார்ப்பதுபோல்.

கீழே கனகபுரா சாலைப் பக்கம்
இருபத்தாறு மாடி எழும்புகிறது.
வெடி வைக்கும்போதெல்லாம் சித்தேஷ் கடிகாரம் பார்ப்பான்.
நோட்டில் அதற்கும் ஒரு கட்டம் உண்டு.

பன்னிரண்டாம் தேதி
ஏழாம் விரிசலில் பொத்தான் இல்லை.
"குரங்கு" என்றான் சித்தேஷ்.
மெழுகு ஒட்டியிருந்த இடத்தில்
மிகச் சின்ன நகத்தின் கீறல்.

தகரக் கொட்டகைகள் நாற்பது இருக்கும்.
கடைசி வரிசையில் ஹுலிகெம்மா,
மூன்று வயது, சட்டையில்லை,
அரைஞாண் கயிற்றில் ஒரு பழைய சாவி,
சாவிக்குப் பக்கத்தில் என் பொத்தான்.
குந்தி உட்கார்ந்து கருவியின் முனையை அதன்மேல் வைத்தேன்.
அவளுக்குக் கூசிற்று.
அவள் சிரித்து முடிப்பதற்குள்
பத்தொன்பது நாள் இறங்கி வந்துவிட்டது.

இரவு திறந்து பார்த்தேன்.
முதல் எட்டு நாள் கல்.
மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் மூச்சு.
ஒன்பதாம் நாள் மாலை நாலேகாலுக்குக் கோடு துள்ளுகிறது.
அதன்பின் முப்பத்து நான்கு, முப்பத்து நான்கரை,
நள்ளிரவிலும் அதே.
எந்தப் பல்லிக்கும் இது முடியாது.
அது கடன் வாங்கிய சூட்டில் வாழும் உடம்பு.
இது தானே எரிகிறது.
காலை ஆறரைக்கு ஒரு பள்ளம், இருபத்து மூன்று:
பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டியிருக்கிறார்கள்.
மதியம் முப்பத்தாறு:
தகரத்தின் கீழ்த் தூக்கம்.

பதினான்காம் நாள் ராத்திரி
ஒன்பது மணிக்கு முப்பத்தாறு.
பதினொன்றரைக்கு முப்பத்தேழு.
ஒன்றே முக்காலுக்கு முப்பத்தேழரை.
தோலின்மேல் இவ்வளவு என்றால் உள்ளே நாற்பது.
இரண்டு மணிக்குச் சட்டென்று முப்பத்தொன்று.
ஈரத்துணி.
மறுபடி ஏற்றம், மறுபடி துணி.
விரல் வைத்து எண்ணினேன்,
விடியும்வரை ஒன்பது முறை.
யாரோ தூங்கவில்லை.

பிழை வரிகளை நீக்கிவிடச் சொல்லி
ஆய்வகத்திலிருந்து செய்தி.
நீக்கினேன். அது பாறை இல்லைதான்.
நீக்குமுன் வேறொரு பெயரில்
ஒரு பிரதி.

திரும்ப வாங்கப் போனபோது
துர்கம்மா தரவில்லை.
இதைக் கட்டியதால்தான் ஜுரம் இறங்கியது என்றாள்.
கட்டி ஐந்தாம் நாள்தான் ஜுரமே வந்தது.
நேரத்தோடு எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.
தலைக்கு மேல் ஒரு வீட்டுப் பல்லி
தகரத்தைத் தொடாமல்
மரச்சட்டத்தில் மட்டும் நடந்துகொண்டிருந்தது.
நான் தகரத்தில் கை வைத்துப் பார்த்து
உடனே எடுத்துக்கொண்டேன்.

நோட்டில்: ஏழு, தொலைந்தது.
விரிசலில் புதுப் பொத்தானுக்கு மெழுகு வைத்தேன்.
இரண்டு முட்டையில் ஒன்று உடைந்து, வெறும் ஓடு.
பொரிந்ததா, எறும்பா, தெரியவில்லை.

பழையது எழுதிக்கொண்டிருக்கிறது,
ஓடும்போதும், விழும்போதும், மணல்மேட்டில் தூங்கும்போதும்,
கால்மணிக்கு ஒருமுறை.
நினைவு நிரம்ப
இன்னும் அறுபத்திரண்டு நாள்.